ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் வந்தால்? பி.டி. மாஸ்டரிடம் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் தடகளம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓட்டம், ஆராதனை இரண்டைப் பற்றியும் கேளுங்கள்.

நாசரேத், கல்லூரி மாணவன்: சார், ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல், கர்த்தருடைய நாள் என்று ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்த கதை உண்மையா?

உண்மைதான் தம்பி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 100 மீட்டர் முதல் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு அது தெரியவந்தது என்று அவரைப் பற்றிய 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' சினிமாவில் காட்டினார்கள். அது தப்பு. அட்டவணை பல மாதம் முன்னாலேயே வந்துவிட்டது, அப்போதே மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்த தொடர் ஓட்டங்களையும் விட்டார். மிச்ச நாளில் 400 மீட்டருக்குத் தயாரானார்.

ஜூலை 11, வெள்ளிக்கிழமை ஃபைனல். அவருக்கு வெளி ஓரப் பாதை. அதில் ஓடுகிறவனுக்குக் கண்முன்னால் ஆளே இருக்காது, பின்னால் வரும் காலடிச் சத்தம்தான். ஸ்டார்ட்டிங் பிளாக் இல்லாத காலம். கொத்துக்கரண்டியால் தரையில் குழி தோண்டிக் காலை ஊன்றுவார்கள். 47.6 விநாடியில் தங்கம். மறுவருஷமே சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். 1945ல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் இறந்தார்.

முன்கூட்டியே முடிவெடுத்தார், முன்கூட்டியே சொன்னார். அதை மறக்காதே. ஒரு மாவட்டப் போட்டியில் என் 4x100 தொடர் ஓட்ட அணிப் பிள்ளை ஒன்று காலையில் வந்து, "இன்றைக்குக் கோயிலில் திருவிருந்து சார், ஓடமாட்டேன்" என்றது. மற்ற மூன்று பிள்ளைகளும் பேட்டனில் சுற்றிய பிளாஸ்டரை நகத்தால் உரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். தப்பு என்னுடையது. அணி எடுத்த அன்றே கேட்டிருக்க வேண்டும்.

சாயர்புரம், ஒரு தாய்: விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு மகன் ஓடலாமா?

பைபிளில் ரோமர் 14:5 வாசியுங்கள் அக்கா: "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்." நான் ஓடமாட்டேன். உங்கள் மகன் ஜெபித்து அவனே முடிவெடுக்கட்டும். ஆனால் பயிற்சியாளரிடம் இப்போதே சொல்லிவிடட்டும்.

வள்ளியூர், வாலிபர் சங்கத் தம்பி: "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்" என்ற வசனத்தை எழுதி லிடெல் கையில் கொடுத்தார்களே. கீழ்ப்படிந்தால் தங்கம் நிச்சயம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. நியூசிலாந்து ரக்பி வீரர் மைக்கேல் ஜோன்ஸும் ஞாயிற்றுக்கிழமை ஆடமாட்டார். 1991 உலகக் கோப்பை அரையிறுதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் இறங்கவில்லை, அணி தோற்றது. 1995 உலகக் கோப்பைக்கு அவரை எடுக்கவே இல்லை.

அதே தம்பி: அவருக்கு விசுவாசம் குறைவோ?

அப்படிப் பேசாதே தம்பி, மனசு வலிக்கிறது. கோப்பையையே விட்டவனுக்கா விசுவாசம் குறைவு? சரி, இதைக் கேள். பிரிட்டனின் மும்முறைத் தாண்டுதல் வீரர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1991ல் ஞாயிற்றுக்கிழமைக்காக உலகப் போட்டியையே விட்டார். 1993ல் மனம் மாறி, ஞாயிற்றுக்கிழமையும் தாண்ட ஆரம்பித்தார். 1995ல் 18.29 மீட்டர் தாண்டி உலக சாதனை. மெடலை வைத்துக் கர்த்தர் யார் பக்கம் என்று பார்த்தால் கணக்கு உதைக்கும். அந்த வசனத்தில் கனம் இருக்கிறது, தங்கம் இல்லை.

மறுபடியும் அவரே: "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பவுல் சொன்னாரே?

அதற்கு முந்தின வசனத்தை வாசி. பட்டினி கிடக்கவும் பழகினேன் என்று சிறையிலிருந்து எழுதுகிறார். ஜெயிக்கிற பெலன் மட்டுமில்லை, பெஞ்சில் உட்காருகிற பெலனும் அதுதான்.

கோவில்பட்டி, ஹாக்கி வீரர்: ஞாயிறு லீக் ஆடலாமா?

மேலே சொல்லிவிட்டேன். கோச்சிடம் இன்றைக்கே பேசு.

திசையன்விளை: முழங்கால் வலி.

டாக்டரிடம் போங்கள்.

இடையன்குடி: ஞாயிறு மாலை ஆடினால்?

ரோமர் 14:5. கோச்சிடம் முன்கூட்டியே.

மெஞ்ஞானபுரம், ஒரு தகப்பன்: எல்லாரும் வயதைக் குறைத்துத்தான் எழுதுகிறார்கள். என் மகளுக்கும் ஒரு வருஷம் குறைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடவிட மாட்டேன்.

அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமையைக் காத்துக்கொண்டு மற்ற ஆறு நாளும் பொய் வயதில் பிள்ளையை ஓடவிடுகிறீர்கள். கோயில் ஞானஸ்நான ரெஜிஸ்டரில் ஒரு தேதி, போட்டி ஃபாரத்தில் வேறு தேதி. இரண்டுக்கும் நீங்கள்தான் கையெழுத்து. அந்தப் பிள்ளையிடம் ஒரு வயது சின்னவள் பரிசை இழந்து போவாளே, அவளும் யாரோ ஒருவரின் மகள்தானே? நாளைக்கே ஃபாரத்தைத் திருத்திக் கொடுங்கள். மேல் பிரிவில் ஓடட்டும். பயிற்சிக்கு என்னிடம் அழைத்து வாருங்கள், காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருப்பேன்.