பால்மரப் பலகை ஏன் கருகுகிறது?

கேள்வி: வீட்டருகே சிறு பட்டறை வைத்திருக்கிறேன். 6 மில்லிமீட்டர் விட்டமும் இரண்டு பற்களும் கொண்ட, சுழலும் கார்பைடு வெட்டியை நிமிடத்திற்கு 18,000 சுற்றில் ஓட்டி, நிமிடத்திற்கு 1,200 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்திப் பால்மரப் (ரப்பர் மரப்) பலகையை வெட்டினால் ஓரம் கருகுகிறது. நகர்வு வேகத்தை இன்னும் குறைக்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: குறைக்காதீர்கள், கருகல் கூடும். ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றில் சீவியெடுக்கும் தடிமனைத்தான் சிப் லோட் என்கிறோம். நகர்வு வேகத்தைச் சுற்று எண்ணிக்கையாலும் பற்களின் எண்ணிக்கையாலும் வகுத்தால் அது கிடைக்கும். உங்கள் கணக்கில் அது 0.033 மில்லிமீட்டர்தான். இவ்வளவு மெல்லிய சீவலில் பல் மரத்தை வெட்டாமல் உரசுகிறது. சீவலோடு வெளியேற வேண்டிய சூடு பலகையிலேயே தங்கிவிடுகிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி பட்டையில் பதியாமல் வழுக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். இம்மரத்திற்கு 0.1 மில்லிமீட்டர் வைத்துத் தொடங்கலாம்: 18,000 × 2 × 0.1 = நிமிடத்திற்கு 3,600 மில்லிமீட்டர். இயந்திரம் அவ்வளவு வேகத்தைத் தாங்காவிட்டால், சுற்றை 12,000 ஆக்கி 2,400இல் ஓட்டுங்கள். சீவலின் தடிமன் மாறாது. தூளாக வராமல் சுருள் துணுக்குகளாக வந்தால் சரி.

அலுமினியத்திற்கு இந்த எண்கள் ஆகா. ஒற்றைப் பல் வெட்டியில் 0.04 மில்லிமீட்டர், 12,000 சுற்று என்றால் நிமிடத்திற்கு 480 மில்லிமீட்டர்தான் வரும். வெட்டும் ஆழத்தையும் குறைத்து, சீவல் பல்லில் ஒட்டாதிருக்கக் காற்று ஊதவேண்டும். வெட்டியின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் மட்டும் சீவும்போது, உண்மைத் தடிமன் கணக்கிட்டதில் ஏறத்தாழ 60 விழுக்காடாகிவிடும் என்பதால், அப்போது நகர்வு வேகத்தை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் உயர்த்தலாம்.