எம்ஆர்ஐ மெஷினையே கண்டதில்லை, மருத்துவப் பட ஆய்வில் உதவியாளர் வேலை கிடைக்குமா?

வந்தாறுமூலையில் உயிரியல் பட்டம் முடித்த தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, மெஷினை இயக்கப்போவது நீங்கள் இல்லை. அதற்கு ரேடியோகிராபர் இருக்கிறார். பேராதனையில் அதற்குத் தனிப் பட்டமே உண்டு. ஆய்வு உதவியாளருக்கு வருவது படம் எடுத்த பிறகுள்ள வேலை. உடலை வெட்டிப் பார்த்தாற்போல் ஸ்கேன் காட்டும் ஒவ்வொரு வெட்டுப் படத்திலும் கட்டியின் ஓரத்தைக் கோடு போட்டுக் குறிக்க வேண்டும், கலங்களை எண்ண வேண்டும், எந்தப் படம் எப்போது எப்படி எடுத்தது என்று பிசகாமல் பதிவு வைக்க வேண்டும். களுவாஞ்சிக்குடியிலிருந்து விலங்கியல் பட்டத்தோடு போன நான் நாலு வருசம் இதைத்தான் செய்தேன்.

முதல் வருசம் பெரிய பிழை ஒன்று விட்டேன். கணினியில் இடம் போதவில்லை என்று நுணுக்குக்காட்டிப் படங்களை ஜேபெக்காக மாற்றி, மூலக் கோப்புகளை அழித்துவிட்டேன். ஜேபெக்கில் நுண்ணிய விவரம் கரைந்துபோகும். ஒரு பிக்சல் எத்தனை மைக்ரோமீட்டர் என்ற குறிப்பும் அதோடு போய்விட்டது. அளவு தெரியாத படத்தில் எதை அளப்பது? மாதிரிகள் வைத்த கண்ணாடித் தகடுகள் மிச்சம் இருந்தபடியால் மூன்று கிழமை இருந்து திரும்ப எடுத்தோம். மூலத்தைத் தொடாதீர்கள், பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

பழகுவதற்கு ஒரு லெப்டொப் போதும். படங்களில் அளக்கவும் எண்ணவும் உதவும் இமேஜ்ஜே மென்பொருள் இலவசம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் மலேரியா ஆய்வுக்கான 27,558 இரத்தக் கலப் படங்களை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. பாதியில் ஒட்டுண்ணி உண்டு, பாதியில் இல்லை. பங்களாதேஷின் சிட்டகொங்கில், சாதாரண நுணுக்குக்காட்டியில் ஸ்மார்ட்போனைப் பொருத்தி எடுத்தவை அவை! எங்கள் அம்மம்மா சின்ன வயதில் மலேரியாக் காய்ச்சலில் கிடந்து எழும்பியவ. 2016இல்தான் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. அதனாலோ என்னவோ, அந்தப் படங்களில் எனக்குத் தனிப் பற்று.

அதில் 200 படம் எடுங்கள். வேறு யாராவது கோப்புப் பெயர்களை மாற்றிக் கலந்து தரட்டும், இரண்டு வகையும் தனித்தனிக் கோப்புறையில் இருப்பதால் கோப்புறையின் பெயரே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். நீங்களும் ஒரு சிநேகிதியும், ஒருவர் குறித்ததை மற்றவர் பாராமல், ஒட்டுண்ணி உண்டா இல்லையா என்று குறியுங்கள். எத்தனையில் ஒத்துப்போனீர்கள், எதில் பிரிந்தீர்கள், ஏன் என்று இரண்டு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். நான் கூட இருந்து பார்த்த நேர்முகத் தேர்வுகளில் சான்றிதழ்க் கட்டைப் புரட்டிவிட்டு வைத்தார்கள். இப்படிச் சொந்தமாகச் செய்த வேலையைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். தெரிந்தவர் மூலம் உள்ளூர் ஆஸ்பத்திரிப் படங்களை வாங்கிப் பழகாதீர்கள். ஸ்கேன் படங்கள் வரும் டைகொம் கோப்புக்குள் நோயாளியின் பெயர், பிறந்த திகதி எல்லாம் இருக்கும். ஆரையம்பதியிலோ காத்தான்குடியிலோ பெயரைச் சொன்னாலே வீட்டைக் காட்டிவிடுவார்கள். ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவின் சம்மதம் இல்லாமல் அந்தக் கோப்புகளைத் திறக்கவே கூடாது.

அந்த இரண்டு பக்கத்தை எழுதியதும் இங்கே போடுங்கள், வாசித்துச் சொல்கிறேன்.