‘பீட்டா கிரிஸ்டல்’ மாலிப்டினத்துக்கு எட்டு மடங்கு விலை கொடுக்கலாமா?

கேள்வி: தனிமங்களைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. இணையத்தில் ஒருவர் 20 கிராம் மாலிப்டினம் உலோகத் துண்டை 99.95% தூய்மை, 99.99% தூய்மை, ‘பீட்டா கிரிஸ்டல்’ என்று மூன்று விதமாக விற்கிறார். கடைசி ரகத்துக்கு எட்டு மடங்கு விலை. வாங்கலாமா? – சேலம் வாசகர்

பதில்: ‘பீட்டா’வுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒரே தனிமம் வேறொரு படிக அமைப்புக்கு மாறினால், அதைப் பிரித்துக் காட்ட வைக்கிற பெயர்தான் அது. இரும்பு 912 டிகிரி செல்சியஸிலும் டைட்டானியம் 882 டிகிரியிலும் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். மாலிப்டினம் அப்படியல்ல. சாதாரண அழுத்தத்தில், 2623 டிகிரியில் உருகும்வரை அதற்கு ஒரே அமைப்புதான்: கனசதுரத்தின் மூலைகளில் அணுக்கள், நடுவில் ஓர் அணு.

‘கிரிஸ்டல்’ என்று விலை ஏற்ற நியாயமான காரணம் ஒன்று உண்டு. வழக்கமான துண்டு எண்ணற்ற சின்னப் படிகக் குருணைகள் ஒட்டியது. ஒற்றைப் படிகம் என்பது முழுத் துண்டுமே ஒரே படிகம். சீனிக்கும் பெரிய கற்கண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், பொருள் ஒன்றே. வெற்றிடத்தில் எலெக்ட்ரான் கற்றையால் உருக்கி மெதுவாக வளர்க்க வேண்டும் என்பதால் விலை கூடும். அதைத்தான் விற்கிறார் என்றால், படிகம் எந்தத் திசையில் வெட்டப்பட்டது என்ற விவரமும் அந்தத் திசையைக் காட்டும் எக்ஸ்-ரே லாவே படமும் கேளுங்கள். ‘பீட்டா’ என்று எழுதுகிறவரிடம் அவை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து அந்த ஒன்பதுகள். 99.99% என்றால் அசுத்தம் மொத்தம் 100 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 100 பங்குக்குள்) இருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் உலோக அசுத்தங்களை மட்டுமே கழித்துப் போடுகிறார்கள். ஆக்சிஜன், கார்பன், நைட்ரஜன் கணக்கில் வராது. பிரித்தெடுக்கச் சிரமமான டங்ஸ்டனையும் சிலர் விட்டுவிடுவார்கள். அதனால் லாட் நம்பருடன், ஒவ்வொரு தனிமமும் எத்தனை பிபிஎம் என்று தனித்தனியாகக் காட்டும் சான்றிதழ் கேளுங்கள். ‘99.99% தூய்மை’ என்று ஒரே வரி போட்ட காகிதம் சான்றிதழே அல்ல.

துண்டு மாலிப்டினம்தானா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். துண்டை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் முழுசாக மூழ்கவிடுங்கள். 20 கிராம் துண்டுக்குத் தராசு 1.95 கிராம் அளவில் காட்ட வேண்டும் (துண்டு விலக்கும் தண்ணீரின் எடை அது. மாலிப்டினத்தின் அடர்த்தி, தண்ணீரைப்போல் 10.28 மடங்கு). இரும்பாக இருந்தால் 2.5-ஐத் தாண்டும். உருக்காமல், தூளை அழுத்திச் சுட்டுச் செய்த துண்டு என்றால் 2.05 வரை போகலாம், அது மோசடி இல்லை. வெள்ளியும் 1.91 காட்டும், ஆனால் மாலிப்டினம் என்று சொல்லி வெள்ளியை யார் தரப்போகிறார்!

ஒன்பதுகளை இப்படி எண்ண முடியாது. நகைக்கடையில் எக்ஸ்-ரே மூலம் தங்கத்தின் கேரட் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷினும் 99.95-ஐயும் 99.99-ஐயும் பிரித்துச் சொல்லாது. அலமாரியில் வைக்க 99.95 தாராளம். தூளாக மட்டும் வாங்காதீர்கள், நுண்தூள் தீப்பற்றும். வாங்குவதற்கு முன் விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வர்ணித்தது ஒன்று, வந்தது வேறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்ய அது உதவும்.

கேள்வி: எங்கள் பட்டறையின் வெற்றிட உலையில் ஓடிய மாலிப்டினம் பட்டையை நிமிர்த்தப்போனேன், பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. சப்ளையர் மாற்றித் தர மறுக்கிறார். – கோவை வாசகர்

பதில்: அவர் பக்கம்தான் நியாயம். 1100, 1200 டிகிரியைப் பார்த்த சுத்த மாலிப்டினத்தில் குருணைகள் புதிதாக வளர்ந்துவிடும். ஆறியபின் வளைத்தால் ஒடியும். வளைக்கிற வேலையை உலையில் மாட்டுவதற்கு முன்பே, பட்டையைச் சூடாக்கி முடித்துவிட வேண்டும். அடுத்த முறை, டைட்டானியமும் சிர்கோனியமும் சிறிதளவு சேர்த்த டிஇசட்எம் கலவைக்கு விலை கேளுங்கள், அது இன்னும் அதிகச் சூடு தாங்கும். தொழிலுக்கு வாங்கியதால் 2019 நுகர்வோர் சட்டம் பொதுவாகக் கைகொடுக்காது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துகிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

கேள்வி: மாலிப்டினம் துண்டைக் கேஸ் அடுப்பில் காட்டி நிறம் மாற்றலாமா? – மதுரை வாசகர்

பதில்: வேண்டாம். காற்றில் 500 டிகிரி தாண்டினாலே ஆக்சைடு வேகமாகப் படியும். இன்னும் சூடேறினால் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.