35 வயசில ஸ்கி பழகப் போற தங்கச்சிக்கு

தங்கச்சி, ஒஸ்லோ வந்து நாலு மாசந்தான், பார்னஹாகேல (சின்னப்பிள்ளையள் பள்ளியில) மகனுக்கு ஸ்கி நாளாம், பனியில சறுக்கிறதாம், தாய் தகப்பனும் வரட்டாம், 35 வயசில எல்லாருக்கும் முன்னால விழுந்தெழும்ப வெக்கமாக் கிடக்கு, போறதோ விடுறதோ எண்டு கேட்டிருந்தீங்கள். போங்கோ. விழத்தான் போறீங்கள், அதில மாற்றமில்லை.

நான் ஆறு வருசமாத் தப்பினனான், ஒருக்காத் தடிமன், ஒருக்கா முதுகு நோ எண்டு ஏதாவது சாட்டு. பிறகு வேலையிடத்துச் சனம் விடேல்ல, முதலாம் நம்பர் மெட்ரோவில கடைசி ஸ்டேசன் ஃப்ரொக்னர்சேத்தரனுக்குக் கூட்டிக்கொண்டு போச்சினம், நான் ஜீன்ஸோட போனன் (அந்தக் கூத்தை நீங்கள் செய்யாதேங்கோ, நனைஞ்சா விறைச்சுப் பலகை மாதிரி வரும், உள்ளுக்குக் கம்பளி போடுங்கோ). அங்க ஒரே ஏத்த இறக்கம். ஸ்கி தன்ர பாட்டுக்குப் போகுது, நான் மரத்தடியில கிடக்கிறன், அஞ்சு வயசு மதிக்கத்தக்க பெட்டை ஒண்டு பக்கத்தில நிண்டு "முழங்காலை மடக்கு" எண்டு நொர்ஸ்கில (நோர்வே பாஷையில) சொல்லிப்போட்டுப் போகுது. சிரிச்சிருந்தாலும் பரவாயில்லை, அது ரீச்சர் மாதிரிச் சொல்லிச்சுது, அதுதான் சுட்டது.

பிறகுதான் விளங்கிச்சுது. இந்த நோர்வேச் சனம் ஸ்கியோட பிறக்கிறவை எண்டு தாங்களே சொல்லுவினம், எப்பிடிப் பழகினது எண்டு அவைக்கு ஞாபகமே இல்லை, "சும்மா வா, லேசு" எண்டுதான் சொல்லத் தெரியும். எங்களிட்ட சோறு குழைச்சுச் சாப்பிடுறது எப்பிடி எண்டு கேட்டா நாங்கள் என்னத்தைச் சொல்லுறது, அப்பிடித்தான். அதால நண்பர்களிட்டப் பழகாதேங்கோ, வளந்த ஆக்களுக்கெண்டு தொடக்க வகுப்பு இருந்தா அதில சேருங்கோ.

அதுக்கு முன்னம் ஒரு சனிக்கிழமை அஞ்சாம் நம்பர் மெட்ரோவில சோன்ஸ்வான் ஏரிப்பக்கம் போய் மட்டமான இடமாப் பாத்து நடவுங்கோ, முதல்ல தடி ரெண்டும் வேண்டாம், இஞ்சத்தைச் சின்னனுகளும் தடியில்லாமத்தான் தொடங்குதுகள். இந்த ஸ்கியில சப்பாத்தின்ர முன்நுனி மட்டுந்தான் பூட்டுறது, குதி சும்மா கிடக்கும், பின்னுக்குச் சாஞ்சா மல்லாக்க விழுவீங்கள், கொஞ்சம் முன்னுக்குக் குனிஞ்சபடி இருங்கோ. நிப்பாட்டிறதெண்டா ஸ்கியின்ர முன்நுனி ரெண்டையும் கிட்டக் கொண்டுவந்து குதியை வெளியில தள்ளுங்கோ. விழுந்தா ரெண்டு ஸ்கியையும் சரிவுக்குக் குறுக்க ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா வைச்சு, முழங்காலில நிண்டு எழும்புங்கோ, இதைமட்டும் பத்துத்தரம் செய்து பாருங்கோ, எழும்பத் தெரிஞ்சா பாதிப் பயம் போயிடும். தடத்துக்குள்ள கிடக்காதேங்கோ, மேல இருந்து வாறவைக்குத்தான் வழி.

ஸ்கியைக் காசு குடுத்து வாங்காதேங்கோ, பூஆ எண்ட இடத்தில இலவசமா இரவல் தருவினம். ஃபெல்லஸ்கி எண்டு கேளுங்கோ, அடியில மயிர்ப்பட்டை ஒட்டியிருக்கும், ஏத்தத்தில பின்னுக்கு வழுக்காது, மெழுகு பூசுற கரைச்சலும் இல்லை.

தோடம்பழமும் க்விக் லுன்ஷ் சொக்லேட்டும் கொண்டு போங்கோ, அது இல்லாட்டி அவைக்கு ஸ்கி போனதாக் கணக்கில்லை. கையுறை ரெண்டு சோடி எடுங்கோ, ஒண்டு கட்டாயம் நனையும்.