பாட்டி வீட்டுப் பன்னீர் ரோஜாவை மாடிக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றடியில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பன்னீர் ரோஜாச் செடி இருக்கிறது. தானே புயலின்போது முருங்கை மரம் விழுந்து தரையோடு முறிந்த அந்தச் செடி, மறுபடியும் துளிர்த்து அதே பூவைப் பூத்தது. வரும் பங்குனியில் வீட்டை இடிக்கப் போகிறார்கள். ஐப்பசியில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் குச்சி வெட்டி நட்டேன், இரண்டுமே பிழைக்கவில்லை. நான் இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில் மாடி வீட்டில் இருக்கிறேன். செடியைக் காப்பாற்ற வழி உண்டா? இணையத்தில் விற்கும் ஐரோப்பியப் பழைய ரோஜா ரகங்களையும் வாங்கலாமா?

பதில்: தானே புயலைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரிதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஒட்டுக்கட்டிய ரோஜா, ஒட்டு போட்ட இடத்துக்குக் கீழே முறிந்துவிட்டால், பிறகு துளிர்ப்பது நாம் ஆசைப்பட்டு வாங்கிய ரகமாக இருக்காது. அதைத் தாங்கி நின்ற அடிச்செடியின் பூவே பூக்கும். உங்கள் செடி 2011 டிசம்பர் இறுதியில் தரைமட்டமாகி, பிறகு பழைய பூவையே தந்திருப்பதால், அது சொந்த வேரில் நிற்கும் செடி என்று கொள்ளலாம். ஆகவே அதன் கிளையை வேர்பிடிக்க வைத்தாலே போதும். ஒட்டுக்கட்டும் வேலை தேவையில்லை.

பன்னீர் ரோஜா என்ற பெயரில் நம் ஊர்ச் சந்தைகளில் வருவதெல்லாம் ஒரே செடி அல்ல. இளஞ்சிவப்பும் நல்ல மணமும் கொண்டு, ஆண்டில் பல முறை பூக்கும் செடியாக இருந்தால், அது வேளாண் வழக்கில் எட்வர்ட் ரோஜா எனப்படும் இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெயர் 'எதுவார்' என்ற பிரெஞ்சுப் பெயரின் திரிபு. புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு உறவினர் இருக்கும் ரெயூனியோன் தீவில், அது பூர்போன் தீவு என்று அழைக்கப்பட்ட காலத்தில், வேலியாக நட்டிருந்த சீன ரோஜாவும் இலையுதிர்கால டமாஸ்க் ரோஜாவும் இயல்பாகக் கலந்து பிறந்தது எட்வர்ட் ரோஜா என்று கருதப்படுகிறது. மணம் டமாஸ்க்கிடமிருந்தும், குளிர்காலத்துக்குக் காத்திராமல் பூக்கும் குணம் சீன ரோஜாவிடமிருந்தும் வந்தவை. இந்தியாவில் இதையே பிற ரோஜாக்களுக்கு அடிச்செடியாகவும் பயன்படுத்தியதால், மேலே கட்டிய நாகரிக ரகம் செத்து, அடியில் இருந்தது வீட்டின் செல்லமாகிவிட்ட கதையும் உண்டு.

நீங்கள் குச்சி நட்ட இரண்டு மாதங்களுமே இந்தக் கரையோரத்துக்குப் பொருந்தாதவை. ஐப்பசி அடைமழையில் வெட்டுவாய் அழுகிவிடும். சித்திரையில் வேர் வருவதற்குள் குச்சி காய்ந்துவிடும். மழை ஓய்ந்த மார்கழிப் பின்பாதியும் தை மாதமுமே தோதான காலம். இருப்பது ஒரே தாய்ச்செடி என்பதால் குச்சியை மட்டும் நம்பாமல் பதியன் போடுங்கள். கிளை தாயிடமிருந்து உணவு பெற்றுக்கொண்டே வேர்விடுவதால் இழப்பு குறைவு. பென்சில் பருமனுள்ள, ஏறத்தாழ ஓராண்டு வயதுடைய கிளையை வளைத்து, மண்ணுக்குள் செல்லும் இடத்தில் ஒரு கணுவுக்குக் கீழே சாய்வாகப் பாதி ஆழம் கீறி, கீறல் மூடிக்கொள்ளாமல் சிறு கல்லைச் செருகி, மண் நிரப்பிய தொட்டிக்குள் அழுத்தி, மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். கிளை வளையாவிட்டால் உயரத்திலேயே ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்துப் பாலிதீன் தாளால் இறுகக் கட்டும் விண்பதியன் போடலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடித்துவிடும். அப்போதும் ஒரே வெட்டில் பிரிக்காமல், முதலில் பாதி வெட்டி, ஒரு வாரம் கழித்து மீதியை வெட்டுங்கள். குறைந்தது நான்கு பதியன்கள் போடுங்கள். வேர்விட வைக்கத் தேன், கற்றாழை என்று பலரும் பல யோசனை சொல்வார்கள். சரியான பருவத்தோடு ஒப்பிட்டால் அவையெல்லாம் இரண்டாம்பட்சம்தான்.

பதியன்களைப் பிரித்த பிறகு, மாசிக் கடைசியில், தாய்ச்செடியையும் முயன்று பார்க்கலாம். ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லிப் பசை) தடவி, இயன்றவரை பெரிய மண்கட்டியோடு மாலையில் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள். இத்தனை வயதான செடி பிழைக்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது. அதனால்தான் பதியனை முதலில் வைத்தேன்.

மாடியில் உங்களுக்கு முதல் எதிரி உப்பு. கடலோர ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும். இலை ஓரம் பழுப்பாகத் தீய்ந்தால் நோயென்று மருந்து தெளிக்குமுன் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது என்பதால் ரோஜாவுக்கு அது வேண்டாம். மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். நார்க்கழிவையும் இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசாமல் பயன்படுத்தாதீர்கள். தொட்டி ஒன்றரை அடி அகலமும் ஆழமும் கொண்டதாக இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போதும். காலை வெயில் முழுவதும் கிடைத்து, பிற்பகலில் நிழல் விழும் இடம் ஏற்றது.

ஐரோப்பிய ரகங்களைப் பொறுத்தவரை, கேலிகா, ஆல்பா, சென்டிபோலியா என்ற பெயர்களைக் கண்டு பணத்தைச் செலவிட வேண்டாம். அவை கடுங்குளிரில் உறங்கி எழுந்து, பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் பூப்பவை. இங்கே இலையோடு நின்றுவிடும். பழைய ரோஜா என்பதற்கு 1867-க்கு முன்பே இருந்த வகுப்புகளைச் சேர்ந்தது என்பதுதான் வழக்கமான வரையறை. அந்த வரையறைக்குள்ளேயே சீன ரோஜா, டீ, நுவாசெத் வகைகள் வெப்பத்தைத் தாங்குபவை. 'ஓல்டு பிளஷ்' என்ற சீன ரோஜா ரகம் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

கவாத்தில், அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவதில், மட்டும் கைகட்டுப்பாடு வேண்டும். ஒட்டு ரோஜாக்களைப் போல இந்த வகைகளை ஒட்ட வெட்டக் கூடாது. காய்ந்த குச்சிகளை நீக்கி, மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கை மார்கழிக் கடைசியில் வெட்டினால், ஏறத்தாழ 45 நாளில் பூக்கும். புதிய பதியன்களில் முதல் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். நான்கில் ஒன்றையாவது கடலூரிலேயே, உறவினர் வீட்டுத் தரையில் நட்டுவையுங்கள். கத்திரி வெயிலில் மாடித் தொட்டிகள் காய்ந்துபோனால் அங்கிருந்து மறுபடியும் பதியன் எடுத்துக்கொள்ளலாம்.