வாரன் ஸ்பான்: 42 வயதில் 23 வெற்றி எப்படி?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலின் இடக்கை பிட்சர் (பந்து வீசுபவர்) ஸ்பான் அவ்வளவு வேகமாக வீசுவாரா?

பதில்: இளமையில் வேகம் உண்டு. ஆனால் அவருடைய 363 வெற்றிகளுக்கு அது மட்டுமே காரணமில்லை. (இடக்கை பிட்சர்களில் இன்றும் அதுதான் உச்சம்.) அடிப்பது டைமிங், அதைக் கெடுப்பதே பிட்சிங் என்பது அவர் கட்சி. ஹோம் பிளேட்டின் (பேட்டர், அதாவது அடிப்பவர், அருகே நிற்கும் தட்டு) அகலம் 17 அங்குலம். நடுவிலுள்ள 12 அங்குலத்தை மறந்துவிட்டு, இருபுறமும் மிஞ்சும் இரண்டரை அங்குலத்தைத்தான் குறிவைப்பார்.

கேள்வி: அவர் வீசிய ஸ்க்ரூபால் என்ற வளைபந்தை எப்படி வீசுவது?

பதில்: பந்தை விடும்போது உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், கட்டைவிரல் கீழே போக வேண்டும். வழக்கமான வளைபந்தான கர்வ் பாலுக்கு நேர் எதிர்த் திருப்பம். இடக்கைக்காரர் வீசினால் வலக்கை பேட்டரை விட்டு விலகி, கீழே இறங்கும். கையை ஃபாஸ்ட்பாலுக்கு (நேரான வேகப்பந்து) சுழற்றும் அதே வேகத்தில் சுழற்றாவிட்டால் பேட்டர் முன்பே கண்டுபிடித்துவிடுவார். மணிக்கட்டு முழுதாகத் திரும்பாவிட்டால் பந்து விலகாமல் வரும், அடி நிச்சயம். 1963 ஜூலை 2-இல், சான் பிரான்சிஸ்கோவில், 16-ஆவது இன்னிங்ஸில் (வழக்கமாக ஒன்பதுதான்) வில்லி மேஸ் ஹோம் ரன் அடித்தது ஸ்பானிடமிருந்து அப்படி விலகாமல் வந்த ஒரு ஸ்க்ரூபாலைத்தான். 1-0 என ஸ்பான் தோற்றார். எதிரணி பிட்சர் ஹுவான் மரிச்சால். இருவரும் கடைசிவரை மாற்றப்படவில்லை. இன்றைய பயிற்சியாளர் எவரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்.

கேள்வி: வீசும்போது ஸ்பானைப் போலக் காலை அவ்வளவு உயரத் தூக்கினால், ரன்னர் (பேஸில் நிற்கும் எதிரணி ஓட்டக்காரர்) அடுத்த பேஸுக்கு ஓடி அதைத் திருட மாட்டாரா?

பதில்: இடக்கைக்காரர் முதல் பேஸைப் பார்த்தபடியே நிற்பார். தூக்கிய வலக்கால் பேட்டரை நோக்கியா, பேஸை நோக்கியா என்று கடைசிவரை தெரியாது, ரன்னர் தயங்குவார். ஒரு நிபந்தனை: அந்தக் கால், பிட்சர் மிதித்து வீசும் பலகையின் பின்விளிம்பைத் தாண்டிய பிறகு முதல் பேஸுக்கு எறிந்தால் ‘பாக்’ என்ற விதிமீறல் ஆகிவிடும், ரன்னருக்கு ஒரு பேஸ் இலவசம். உயர்ந்த கால் பந்தையும் பேட்டரிடமிருந்து மறைக்கும்.

கேள்வி: முதல் வெற்றி ஏன் 25 வயதில்?

பதில்: இரண்டாம் உலகப் போர். 1942-இல் அறிமுகமானார், அடுத்த மூன்று பருவங்கள் ராணுவத்தில். ஜெர்மனியின் ரெமாகன் பாலத்தருகே காயம்பட்டார். 1946-இல் முதல் வெற்றி.

கேள்வி: வயதாக ஆக என்ன மாற்றினார்?

பதில்: ஸ்லைடர் என்ற பக்கவாட்டில் விலகும் பந்தையும் சேர்த்துக்கொண்டார். நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட் கூடத் தராத ஆட்டம்) இரண்டும் 39, 40 வயதில் வந்தவை. 42 வயதில், 1963-இல், 23 வெற்றி, 7 தோல்வி.