நாலு மணிக்கு மேல – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம். நாங்க கோயம்புத்தூர் பக்கம், இப்போ தண்டையார்பேட்டைல ஒரு அபார்ட்மெண்ட்ல இருக்கோம். பொண்ணுக்கு 9 வயசு, பையனுக்கு 6. அந்த மந்தையில எங்க பசங்க சேர வேண்டாம்னு போன வருஷம் ரெண்டு பேரையும் ஸ்கூல்ல இருந்து நிறுத்திட்டோம். வீட்லயே நான்தான் சொல்லித்தரேன். ஆறரைக்கு யோகா, ஒம்பதுக்கு கணக்கு, பதினொண்ணுக்கு இங்கிலீஷ், மத்தியானம் சயின்ஸ் வீடியோ, அஞ்சு மணிக்கு ஆன்லைன்ல கீபோர்டு கிளாஸ். ஆனா ரெண்டும் போர் அடிக்குதுன்னு அழுவுது. பொண்ணு சாயங்காலம் ஆனா ஜன்னல்லயே நிக்கிறா. கீழ தெருவுல விடலாம்னா பாஷை கெட்டுடுமோன்னு பயமா இருக்கு. டிசம்பர்ல 45 நாள் ராஜஸ்தான், இமாச்சல்னு கூட்டிட்டு போறோம், உலகத்த பாக்கட்டும்னு. டைம்டேபிள்ல என்ன மாத்தணும்? பத்தாவது பரீட்சைக்கு என்ன பண்றது? சொந்தக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது? பேர் போடாதீங்க அண்ணா.

---

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்க லெட்டர் வந்து பத்து நாளாச்சு. வீட்டுக்கல்வி பத்தி அடிக்கடி லெட்டர் வருது, பாதிக்கு நான் பதில் எழுதறதில்ல. ஆனா "பொண்ணு ஜன்னல்லயே நிக்கிறா"ன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அத தாண்டி போக முடியல, இந்த பத்து நாளும் அதுதான் மனசுல ஓடுது.

சின்னத முதல்ல முடிச்சிடறேன். சொந்தக்காரங்கள விடுங்க. பரீட்சைக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கு, 14 வயசு ஆனா பத்தாவது எழுதலாம், அஞ்சு பாடம், அஞ்சு வருஷத்துக்குள்ள 9 தடவ வரைக்கும் சான்ஸ் குடுக்கறாங்க. உங்க பொண்ணுக்கு அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. 2010ல அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்துல 10வது பிரிவு, புள்ளைய பக்கத்து ஸ்கூல்ல சேக்குறது பெத்தவங்க கடமைன்னு சொல்லுது, ஆனா சேக்கலன்னா இன்ன தண்டனைன்னு அதுல எதுவும் எழுதல. அவ்ளோதான், தூக்கத்த கெடுத்துக்காதீங்க.

ஆனா மந்தைன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு எனக்கு கோவம் வந்துச்சு, மறைக்கல. உங்க புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. போற புள்ளைங்கள மாடு கணக்கா பேச இல்ல. இந்த ஊர்ல ஒரு கூலிக்காரர் புள்ள ஸ்கூல் வாசப்படி ஏறுறதுக்கு எத்தன பேரு பாடுபட்டாங்க தெரியுமா? பசி தாங்காம பாதில நின்னுட்ட புள்ளைங்களுக்காக 1920ல சென்னை கார்ப்பரேஷன் ஆயிரம் விளக்குல ஒரு ஸ்கூல்ல மத்தியான சாப்பாடு ஆரம்பிச்சுது, ஒரு புள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாம. அப்போ கார்ப்பரேஷன் தலைவரா இருந்து அத முன்ன நின்னு கொண்டு வந்த பிட்டி தியாகராயர் நம்ம பக்கத்து ஆளு. தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறினா வண்ணாரப்பேட்டை பக்கமா அடுத்த ஸ்டேஷன் அவர் பேர்ல இருக்குற காலேஜ்தான், தினமும் அந்த பேர ஸ்பீக்கர்ல கேட்டுட்டுதான் போறீங்க. அந்த சோத்த தின்னு படிச்ச புள்ளைங்களோட பேரப்புள்ளைங்கதான் உங்க வீட்டுக்கு கீழ வெளையாடுதுங்க.

1983ல நான் அஞ்சாவது. மஞ்சக்காமாலை வந்துச்சு, அது போறதுக்குள்ள டைபாய்டு, மொத்தமா அந்த வருஷம் ஸ்கூலே கிடையாது. மீன்பிடி துறைமுகம் இருக்குற காசிமேட்டுக்கு பக்கத்துல ஒண்டுக்குடித்தனம், ஒரே ரூமு, தெரு பக்கம் கம்பி போட்ட ஒரு ஜன்னல். நைனாவும் அம்மாவும் வேலைக்கு போயிடுவாங்க, ஆயாதான் என்ன பாத்துக்கும். ஆயா விடியக்காலைல போய் ஏலத்துல ஒரு கூடை மீன் எடுத்துட்டு வந்து, ஏழு மணிக்கெல்லாம் வாசல்ல குந்தி கூறு போடும். கூடை இவ்ளோ துட்டு, ஐஸுக்கு இவ்ளோ, ரிக்‌ஷாக்கு இவ்ளோ, அப்போ ஒரு கூறு எவ்ளோக்கு வித்தா கையில நிக்கும், வெயில் ஏறி மீன் கண்ணு வெளுத்துப் போச்சுன்னா எவ்ளோ கொறைக்கணும், எல்லாத்தையும் என்ன கேட்டுட்டே பண்ணும். கையெழுத்து போடத் தெரியாத ஆயா. எனக்கு வகுத்தல் வந்தது அதுகிட்டதான்.

பாருங்க, வீட்லயே கத்துக்கிட்டாரேன்னு இத படிச்சிட்டு நீங்க சந்தோஷப்படுவீங்க. இல்ல தங்கச்சி. அந்த வருஷத்துல எனக்கு மறக்காதது மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அந்த கம்பிய புடிச்சுகினு நின்னதுதான். ஆயா தூங்கிடும். தெருவுல ஒரு நாய் படுத்திருக்கும், எப்பயாச்சும் ஒரு ஐஸ் வண்டி போவும், வேற ஜனமே இருக்காது. நாலு மணிக்கு கார்ப்பரேஷன் ஸ்கூல் பெல்லு கேக்கும் பாருங்க, அந்த சத்தம் கேட்டதும் வயித்துல என்னமோ பண்ணும், இப்போ எழுதறப்பவும் பண்ணுது. அஞ்சு நிமிஷத்துல தெரு நெறைஞ்சிடும். எதிர் வீட்டு பையன் ஒருத்தன், அவங்க அப்பா ஹார்பர்ல மூட்டை தூக்குறவரு, பைய கூட வெக்காம நேரா என் ஜன்னலுக்கு வந்துடுவான். "டேய், இன்னிக்கு இன்னா ஆச்சு தெர்மா"ன்னு ஆரம்பிச்சான்னா, யாரு அடி வாங்கினது, டீச்சரு இன்னா சொன்னாங்க, எல்லாம் வரும். பாக்கெட்ல ஒளிச்சு எடுத்துட்டு வந்த சாக்பீஸால எங்க வீட்டு செவுத்துல ரொட்டி மாதிரி வட்டம் போட்டு, கோடு கிழிச்சு, எனக்கு பின்னம் சொல்லிக் குடுத்தான். போறப்ப கம்பி வழியா ஒரு கோலிய உள்ள தள்ளிட்டு போவான், "நாளிக்கு குடு"ன்னு. நாளைக்கு திரும்பி வருவான்னு எனக்கு அதுதான் சாட்சி. நீங்க மந்தைன்னு சொன்னதுல அவனும் ஒருத்தன்.

உங்க பொண்ணு ஜன்னல்ல எதுக்கு நிக்கிறான்னு உங்களுக்கே தெரியும்மா. பக்கத்து தெரு புள்ளைங்களுக்கு ஸ்கூல் ஒம்பதுல இருந்து நாலு. உங்க புள்ளைங்களுக்கு அந்த நேரத்துல வெளிய யாரும் கிடையாது, சரி. நாலு மணிக்கு மேல ஊரே கீழ வந்து நிக்குது, அப்பவும் கதவ சாத்தினா அதுங்க எங்க போவும்?

பாஷை கெட்டுடும்னு சொல்றீங்க. "அப்பால வா"ன்னு ஒரு புள்ள சொன்னா அது அப்பால்னு பழைய நூல்கள்ல இருக்குற அதே தமிழ். பேஜாரு பாரசீகம். நாஷ்டாவும் அங்க இருந்து உருது வழியா வந்ததுதான். கஸ்மாலம்னு திட்டுறாங்களே, அது சம்ஸ்கிருதம், கீதைல ரெண்டாவது அத்தியாயத்துல கிருஷ்ணர் அர்ஜுனன பாத்து கேக்குற கேள்வியில வர்ற வார்த்தை. துட்டு டச்சுக்காரங்க காசோட பேரு. துறைமுகத்துக்கு பக்கத்துல பொழைக்கற ஜனம், கப்பல்ல வந்தவன் வார்த்தைய எல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டு பேசுது, இதுல கெட்டுப் போக என்ன இருக்கு? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு ஏன் கடலுக்கு போவறதில்ல, அப்போ வஞ்சிரம் ஏன் அந்த வெல விக்குதுன்னு, சயின்ஸ் வீடியோல பாக்கறதுக்கு முன்னாடி காசிமேட்டு புள்ள ஒண்ணு உங்க பொண்ணுக்கு சொல்லும். மீனு முட்டை போடுற நேரம்னு சொல்லும், அவங்க வீட்ல அந்த ரெண்டு மாசம் எப்படி ஓடுதுன்னும் சேத்து சொல்லும்.

ராஜஸ்தான், இமாச்சல் போயிட்டு வாங்க, வேணாம்னு சொல்லல, டிசம்பர்ல அங்க குளிரு ஜாஸ்தி, பையனுக்கு நல்ல ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம தண்டையார்பேட்டை ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்க. எண்ணூர் தாண்டி கொசஸ்தலை ஆத்து மேல ரயில் போறப்ப ரெண்டு பேரையும் ஜன்னல் பக்கம் உக்கார வெய்ங்க, அனல்மின் நிலைய புகைபோக்கியும் தெரியும், தண்ணில நின்னு இறா தடவுற ஜனங்களும் தெரியும். பொன்னேரில எறங்கி பஸ்ல பழவேற்காடு. 1613ல டச்சுக்காரங்க கட்டின கோட்டை இருந்த எடம், அவங்க கல்லறை, குளிர்காலமா இருந்தா ஏரில பூநாரை. துட்டுன்ற வார்த்தைய கொண்டாந்தவங்க இங்கதான் இருந்தாங்கன்னு காட்டுங்க. போறப்ப கீழ் தெரு புள்ளைங்க ரெண்டு பேரையும் அவங்க வீட்ல கேட்டுட்டு கூட்டிட்டு போங்க. ஞாயித்துக்கெழமன்னு நான் சொன்னதே அதுக்குத்தான்.

டைம்டேபிள் கேட்டீங்க. காலைல உங்க இஷ்டம். கீபோர்டு கிளாஸ மட்டும் அஞ்சு மணில இருந்து எடுத்துடுங்க, டீச்சர் வேற நேரம் குடுக்கலன்னா நிறுத்திடுங்க. நாலுல இருந்து ஆறரை வரைக்கும் புள்ளைங்க கீழ இருக்கட்டும். மொத வாரம் ரெண்டும் தெணறும், யாராச்சும் தள்ளி விடுவாங்க, ஆட்டத்துல சேக்க மாட்டாங்க, பொண்ணு அழுதுட்டு வருவா. ஒடனே எறங்கி போய் நியாயம் கேக்காதீங்க, மறுநாளும் அனுப்புங்க. அந்த புள்ளைங்கள ஒரு நாள் மேல கூப்ட்டு தண்ணியும் பிஸ்கட்டும் குடுங்க, அவங்க அம்மா யாருன்னு கேட்டு வெச்சுக்கோங்க, ரேஷன் கடைல பாத்தா நின்னு பேசுங்க.

பழவேற்காடு போற நாள் முடிவானா எழுதுங்க. பொன்னேரில நானும் வந்து சேந்துக்கறேன்.

அன்புடன்,
அண்ணன்